ஃபீல்ட்வேர்க் பேப்பரும் யுனிக்ஸ் கையேடும்: பிரதி யாரின்ர கையில?

வடமராட்சியில் ஏ.எல் விஞ்ஞானமோ கணிதமோ படித்த ஆட்கள் இருக்கிற வீட்டில் ஒரு பேப்பர்க் கட்டு இருக்கும். எங்கட வீட்டில் அது அலுமாரிக்கு மேலே ஒரு பழைய சூட்கேசுக்குள் இருந்தது. பெரியம்மாவின்ர மகன் அதில் படித்தார், பிறகு அக்கா, பிறகு நான். கட்டின கயிறு மாறிச்சுது, உள்ளே இருந்த தாள்கள் கூடிச்சுது, வேறொரு மாற்றமும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட தாள்களின் தலையில் ஒரே பெயர்: தொண்டைமானாறு வெளிக்கள நிலையம்.

அந்த முழுப் பெயரை நாங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. "ஃபீல்ட்வேர்க் பேப்பர்" எண்டால் எல்லாருக்கும் விளங்கும். "ஃபீல்ட்வேர்க்கில எத்தினை மாக்ஸ்?" எண்டு கேட்டால், அது பள்ளிக்கூடச் சோதனையைப் பற்றின கேள்வி இல்லை, நீ கம்பஸ் போவியோ மாட்டியோ எண்ட கேள்வி.

வெளியூர் வாசகர்களுக்காக: தொண்டைமானாறு, வலிகாமமும் வடமராட்சியும் முட்டிக்கொள்கிற இடம். கடல்நீரேரி கடலைச் சந்திக்கிற வாய். கரையில் செல்வச்சந்நிதி முருகன் கோயில், தண்ணீருக்குக் குறுக்கே உப்பைத் தடுக்கிற அணை. வெளிக்கள நிலையம் எண்ட பெயரிலேயே அது எதற்கான இடம் என்பது இருக்கிறது: மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே, களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பிக்கிற இடம். ஆனால் என்னுடைய தலைமுறைக்கு அந்தப் பெயர் ஒரு நிலத்தைவிட ஒரு தாளைத்தான் ஞாபகப்படுத்தும். தவணைப் பரீட்சை வினாத்தாள், அதோடு புள்ளித்திட்டம்.

இப்ப அந்தக் கட்டுக்கு வேலை இல்லை. வினாத்தாளும் ஸ்கீமும் பீடிஎஃப்பாக ரெலிகிராமில் வருகின்றன, வட்ஸ்அப் குறூப்பில் சுத்துகின்றன. போன வருசம் ஏ.எல் எடுத்த ஒரு தம்பிக்கு எங்கட கட்டைக் குடுக்கப் போனேன். சிரித்துக்கொண்டு போனைக் காட்டினான். இருபது வருசத்துப் பேப்பர் ஒரு ஃபோல்டருக்குள் கிடந்தது.

சரி, அப்ப கட்டை எரிக்கலாமா? இந்தக் கேள்வியை யோசிக்கத் தொடங்கித்தான் நான் கொம்பியூட்டர்களின்ர வரலாற்றுக்குள் போய் விழுந்தேன். ஏனென்றால் தாளில் இருந்து டிஜிற்றலுக்கு மாறின கதையை எங்களுக்கு முதல் அனுபவித்த துறை அதுதான். மென்பொருள் ஒரு காலத்தில் புத்தகத்தோடு வந்தது. பிறகு புத்தகம் இல்லாமல் வந்தது. இப்ப பல நேரம் மென்பொருளே எங்களிடம் வருவதில்லை, நாங்கள்தான் அதனிடம் போகிறோம்.

புத்தகத்தோடு வந்த காலம்

1971 நவம்பர் 3 எண்ட திகதி போட்ட ஒரு கையேடு இருக்கிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதிய யுனிக்ஸ் நிரலாளர் கையேட்டின் முதற் பதிப்பு. இண்டைக்கு அன்ட்ரொயிட் போனிலும் இன்ரநெற்றைத் தாங்குகிற சேர்வர்களிலும் ஓடுகிற லினக்ஸ், யுனிக்ஸைப் பார்த்து எழுதப்பட்டதுதான். யுனிக்ஸின்ர பழைய பதிப்புகளை ஆட்கள் "ஆறாம் பதிப்பு", "ஏழாம் பதிப்பு" என்று சொல்வார்கள். அது மென்பொருளின் இலக்கம் இல்லை, கையேட்டின் பதிப்பு இலக்கம். புத்தகத்தின் பெயரால்தான் மென்பொருளை அழைத்தார்கள்.

அந்தக் கையேட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரே அமைப்பு. பெயர், எப்படிப் பாவிப்பது, என்ன செய்யும், எந்தக் கோப்புகளைத் தொடும். கடைசியில் "பிழைகள்" என்று ஒரு பகுதி. செய்த ஆட்களே தங்கட கருவியில் என்ன பிழை இருக்கிறது எண்டு அச்சில் ஒத்துக்கொள்வார்கள். அந்தக் கட்டளை யாருடையது எண்டும் முதற் பதிப்பில் போட்டிருந்தார்கள். அதாவது பிரச்சினை வந்தால் யாரைப் போய்க் கேட்பது என்பதும் தாளிலேயே இருந்தது.

1981இல் ஐபிஎம் தன்னுடைய பீசியை விற்கத் தொடங்கியபோதும் புத்தகங்கள் கூட வந்தன. துணி போட்ட தடிப்பான அட்டை, வளையக் கோப்பு, அதைச் சொருகிவைக்க ஒரு உறை. தனியாக வாங்கக்கூடிய தொழில்நுட்பக் கையேட்டில் மின்சுற்று வரைபடங்களும், கொம்பியூட்டர் எழும்பும்போது முதலில் ஓடுகிற பயொஸ் நிரலின் மூல வரிகளும் முழுதாக அச்சிடப்பட்டிருந்தன. இண்டைக்கு ஒரு போன் கொம்பனி இதைச் செய்யும் எண்டு நினைத்துப் பாருங்கோ.

இதெல்லாம் நல்லெண்ணத்தால் நடந்தது எண்டு நான் சொல்லவில்லை. வேறு வழி இருக்கவில்லை. சந்தேகம் வந்தால் தேட இன்ரநெற் இல்லை. விற்ற ஆள் பெட்டிக்குள்ளேயே எல்லாத்தையும் போட்டு அனுப்பவேண்டும். பெட்டி போன பிறகு வாங்கினவரும் விற்றவரும் பிறகு சந்திக்கமாட்டார்கள். அந்தக் கட்டாயத்தால் ஒரு நன்மை வந்தது: வாங்கினவரின் கையில் இருந்தது முழுமையான ஒரு பொருள். யாரிடமும் திரும்பிப் போகத் தேவையில்லை.

எங்கட கட்டும் அப்படித்தான். வினாத்தாள் இருக்கு, புள்ளித்திட்டம் இருக்கு, தலையில் வருடமும் தவணையும் இருக்கு. பெரியம்மாவின்ர மகன் லண்டனுக்குப் போய்ப் பத்து வருசத்துக்குப் பிறகும் அவருடைய கட்டு எனக்கு வேலை செய்தது.

ஒரு புத்தகம் கள்ளமாக ஓடிய கதை

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஜோன் லயன்ஸ். அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். 1976இல் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலை எடுத்து, பத்தாயிரம் வரிகளுக்குள் அடங்கின அந்த நிரலை ஒரு புத்தகமாகவும், அதற்கு வரிக்கு வரி விளக்கத்தை இன்னொரு புத்தகமாகவும் தன்னுடைய மாணவர்களுக்குத் தொகுத்தார். ஒரு முழு இயங்குதளம் எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு மாணவர் மேசையில் வைத்து, முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் வாசிக்கலாம்.

பிறகு 1979இல் ஏழாம் பதிப்பு வந்தது. அதனுடைய உரிமத்தில் மூலநிரலை வகுப்பில் படிப்பிக்கக் கூடாது எண்டு வந்துவிட்டது. லயன்ஸின் புத்தகம் கடைக்கு வர வழி இல்லாமல் போனது.

ஆனால் அது சாகவில்லை. போட்டோக்கொப்பி மெசின்கள் அதைக் காப்பாற்றின. ஒருவரிடம் இருந்து ஒருவர், கொப்பியின் கொப்பியின் கொப்பி. எழுத்து மங்கி, ஓரம் வெட்டுப்பட்டு, கறுப்புக் கோடு விழுந்து. கொம்பியூட்டர் துறையில் மிக அதிகமாகப் போட்டோக்கொப்பி எடுக்கப்பட்ட புத்தகம் எண்டு அதைச் சொல்லுவார்கள். இருபது வருசம் கழித்து 1996இல்தான் அது சட்டப்படி வெளியானது. லயன்ஸ் 1998இல் காலமானார்.

இதை வாசித்தபோது எனக்கு எங்கட சூட்கேஸ்தான் ஞாபகம் வந்தது. கட்டில் ஒரு பௌதிகவியல் வினாத்தாள் இருந்தது. எத்தனையாவது தலைமுறைக் கொப்பியோ தெரியாது, படத்தில் இருந்த விசையின் அம்புக்குறி மறைந்துபோய்விட்டது. எனக்கு முதல் படித்த யாரோ நீலப் பேனையால் அம்புக்குறியைக் கீறியிருந்தார். அதற்குப் பிறகு படித்த இன்னொருவர் சிவப்பால் "இல்லை, மற்றப் பக்கம். ஸ்கீமைப் பார்" எண்டு எழுதியிருந்தார். நான் ஒரு பின்னேரம் முழுக்க அந்தக் கணக்கோடு மினக்கெட்டு, சிவப்புப் பேனைதான் சரி எண்டு கண்டுபிடித்தேன். யுனிக்ஸ் கையேட்டின் "பிழைகள்" பகுதியை எங்கட கட்டில் மாணவர்களே எழுதியிருந்தார்கள்.

பீடிஎஃப்பில் படம் தெளிவாக இருக்கும், அம்புக்குறியும் இருக்கும். அது பெரிய வசதி, நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் இருந்தவருடைய கையெழுத்து அதில் சேர்ந்து வராது.

தடையைத் தாண்டிய தாள்

தாள் போகக்கூடிய இடத்துக்கு டிஸ்க் போகமுடியாமல் இருந்த ஒரு சம்பவமும் உண்டு. 1991இல் பில் சிம்மர்மன் எண்ட அமெரிக்கர் பிஜிபி எண்ட மறையாக்க மென்பொருளை எழுதினார். கடிதத்தை வேறு யாரும் வாசிக்கமுடியாதபடி பூட்டி அனுப்புவதற்கு. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில் பலமான மறையாக்கம் ஆயுதப் பட்டியலில் இருந்தது. மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆயுதம் ஏற்றுமதி செய்ததுபோல. ஆனால் புத்தகம் ஆயுதம் இல்லை, அது பேச்சுச் சுதந்திரத்துக்குள் வரும். அதனால் 1995இல் எம்ஐடி பதிப்பகம் பிஜிபியின் மூலநிரலை ஒரு புத்தகமாகவே அச்சிட்டது. 1997இல் அதற்கு அடுத்த பெரிய பதிப்பு ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களாக அச்சாகி, சட்டப்படி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து, எழுத்துப் பிழை திருத்தி, திரும்ப மென்பொருளாக்கினார்கள்.

"தடைசெய்யப்பட்ட பொருட்கள்" எண்ட சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் விளக்கம் தேவையில்லை. 1990க்குப் பிறகு குடாநாட்டுக்குள் பற்றரி வராது, பெற்றோல் வராது, சீமெந்து வராது, உரம் வராது. வருசக்கணக்கில் மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைச் சுத்தி, டைனமோவில் ரேடியோ கேட்ட கதையை உங்கட வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த கதையையும். பத்திரிகைத்தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித்தாளில் பேப்பர் வந்தது.

அந்தக் காலத்தில் வேறு எந்த ஊடகத்தில் படித்திருக்கலாம்? மின்சாரம் கேட்கிற எதுவும் செத்த பொருள். தாளுக்குப் பகல் வெளிச்சம் போதும், இரவில் கொஞ்ச மண்ணெண்ணெய் போதும். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது தூக்கிக்கொண்டு ஓடக்கூடியதும் அதுதான். கையில் எடுத்த பையில் உடுப்போடு கொப்பிகளையும் வைத்த பிள்ளைகள் இருந்தார்கள். 1970களின் தரப்படுத்தலுக்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியும் இங்கே எவ்வளவு பெரிய விசயம் எண்டு தெரிந்தால், அது ஏன் எண்டு விளங்கும்.

புத்தகம் இல்லாமல் வந்த மென்பொருள்

2002இல் ஏ9 பாதை திறந்தது. கொழும்பில் இருந்து கொம்பியூட்டர்கள் வரத்தொடங்கின, அதோடு சீடிகளும். மேலே மார்க்கர் பேனையால் பெயர் எழுதின, எரித்த சீடி. நூறு ரூபாய் அளவில் உலகத்தில் உள்ள எந்த மென்பொருளும் கிடைக்கும். கையேடு மட்டும் கிடைக்காது. உண்மையில் நாங்கள் மென்பொருளைக் கண்டது இப்படித்தான்: பெட்டி இல்லாமல், புத்தகம் இல்லாமல். ஐபிஎம்மின் துணி அட்டைக் கோப்பை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த இடைவெளியை நிரப்பினது கொம்பியூட்டர் வகுப்புகளில் குடுத்த ரியூட். ஏ4 தாளில் பத்துப் பன்னிரண்டு பக்கம், ஒரு மூலையில் ஸ்ரேப்பிள். "ஃபைல் மெனுவுக்குச் செல்க, சேவ் அஸ் என்பதை அழுத்துக." ஒரு சேர் எங்கேயோ ஒரு ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து, தமிழில் எழுதி, ரைப் செய்து, போட்டோக்கொப்பி எடுத்துக் குடுத்தது. அதுதான் எங்கட தலைமுறையின் கையேடு. ஆரும் அதைச் சேர்த்து வைக்கவில்லை எண்டது எனக்கு இப்ப பெரிய கவலை. தமிழில் எழுதப்பட்ட கொம்பியூட்டர் கையேடுகளின் ஒரு முழு அடுக்கு கடலைச் சுருளாகப் போயிருக்கும்.

சட்டப்படியான ஒரு சீடியும் அப்ப கிடைத்தது. உபுண்டு எண்ட லினக்ஸ் இயங்குதளத்தை, கேட்கிற ஆட்களுக்குத் தபாலில் இலவசமாக அனுப்பினார்கள். இன்ரநெற் வேகம் இல்லாத நாடுகளுக்கு அது பெரிய கொடை. 2011இல் அதை நிறுத்தினார்கள். எல்லாரும் தரவிறக்கலாமே எண்டதுதான் நியாயம். அதே 2011 யூலையில் அப்பிள் தன்னுடைய புதிய மக் இயங்குதளத்தைச் சீடி இல்லாமல், தரவிறக்கமாக மட்டும் விற்கத் தொடங்கியது.

இங்கே பாமினியைப் பற்றியும் சொல்லவேண்டும். இலங்கையில் தமிழ் ரைப் செய்த ஆட்களுக்குப் பாமினி எழுத்துருவைத் தெரியாமல் இருக்காது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த ஒரு தந்திரம். பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்தால் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி எண்டு தெரியும். தமிழுக்கு யூனிகோட் 1991இலேயே இடம் குடுத்தது, ஆனால் எங்கட கடைகளும் கந்தோர்களும் மாற மிகவும் காலம் எடுத்தது. 2003இல் பாமினியில் ரைப் செய்த ஒரு ரியூட்டின் கோப்பு இப்ப உங்களிடம் இருந்தால், எழுத்துருவோ மாற்றியோ தேடித்தான் வாசிக்கவேண்டும். அதே ரியூட்டின் பிறின்ற் இருந்தால் சும்மா வாசிக்கலாம். பெரிய கொம்பனிகளுக்கும் இதே கதைதான்: விண்டோஸின் பழைய உதவிக் கோப்புகளைத் திறக்கிற நிரலை 2007இல் விஸ்ராவோடு மைக்ரோசொவ்ற் கைவிடத் தொடங்கியது, விண்டோஸ் 10இல் அது அறவே இல்லை. கையேடு டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும், ஆனால் வாசிக்கேலாது.

ஆனால் தாள் எரியும்

இவ்வளவையும் வாசித்துவிட்டு "தாள்தான் நிலையானது" எண்டு நான் முடிக்கப்போகிறேன் எண்டு நினைத்தால், யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அப்படி எழுதேலாது. 1981 மே 31 இரவு யாழ் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஓலைச்சுவடிகளும் சேர்ந்து.

அந்த இழப்பைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். எரிந்தவற்றில் எவை நிரந்தரமாகப் போயின? வேறு வீடுகளில், வேறு நூலகங்களில் பிரதி இருந்த அச்சு நூல்கள் திரும்பக் கிடைத்தன. ஒரே ஒரு பிரதியாக இருந்த சுவடியும் கையெழுத்தும் கிடைக்கவில்லை. நெருப்பு எல்லாத்தையும் ஒரேமாதிரித்தான் எரித்தது. பிறகு எது மீண்டது என்பதைத் தீர்மானித்தது எத்தனை கையில் பிரதி இருந்தது எண்டதுதான்.

2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய நூலகம் எண்ட இணைய நூலகம் இந்தப் பாடத்தில் இருந்துதான் பிறந்தது எண்டு நான் நினைக்கிறேன். அதற்கு முதல், 1998 பொங்கலோடு தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை மின்னுரையாக்கிப் பகிர்ந்தது. நூலகம், ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் எண்டு வீட்டு அலுமாரிகளில் கிடந்தவற்றை ஸ்கான் செய்து எவரும் தரவிறக்கலாம் எண்டு வைத்தது. இங்கே டிஜிற்றல்தான் தாளைக் காப்பாற்றியது. ஒருவருடைய அலுமாரியில் கிடந்த ஒரே பிரதி, கனடாவிலும் கொழும்பிலும் வல்வெட்டித்துறையிலும் இருக்கிற நூறு கொம்பியூட்டர்களுக்குப் போனது.

அதனால் தாளா டிஜிற்றலா எண்ட கேள்வியே பிழையான இடத்தில் கோடு போடுகிறது. லயன்ஸின் புத்தகமும், ஃபீல்ட்வேர்க் கட்டும், நூலகத்தின் பீடிஎஃப்பும், உபுண்டு சீடியும் ஒரே பக்கம். இவை எல்லாவற்றிலும் பிரதி உன்னுடைய கையில் இருக்கிறது. நீ அதை இன்னொருவருக்குக் குடுக்கலாம். குடுத்த ஆளைக் கேட்கத் தேவையில்லை.

மற்றப் பக்கம் இருப்பது

அப்ப கோட்டுக்கு மற்றப் பக்கம் என்ன? கையில் பிரதி இல்லாத மென்பொருள். 2013இல் அடோபி தன்னுடைய வடிவமைப்பு மென்பொருட்களைப் பெட்டியில் விற்பதை விட்டுவிட்டு மாதச் சந்தாவுக்கு மாறப்போவதாக அறிவித்தது. அதற்குப் பிறகு பல கொம்பனிகள் அதே வழியில் போயின. கையேடு கொம்பனியின் இணையத்தளத்தில் இருக்கும். போன மாதம் ஒரு மெனு இருந்த இடத்தில் இந்த மாதம் இல்லை எண்டால், கையேட்டையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுவார்கள். பழைய பதிப்பு ஓடுகிற ஆளுக்குப் பழைய கையேடு கிடைக்காது. பதிப்பும் இல்லை, திகதியும் இல்லை, "பிழைகள்" பகுதியும் இல்லை.

2019 ஒக்ரோபரில் அடோபி, வெனிசுவேலாவில் இருக்கிற எல்லாருடைய கணக்குகளையும் மூடப்போவதாக அறிவித்தது. அமெரிக்க அரசின்ர தடையுத்தரவு காரணம். அந்த நாட்டில் இருந்த வடிவமைப்பாளர்களும் படப்பிடிப்பாளர்களும் எந்தக் குற்றமும் செய்யவில்லை. மாதக் கடைசிக்குள் அனுமதி கிடைத்து அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. ஆனால் அந்த மூன்று கிழமையில் ஒரு விசயம் வெளிச்சமானது: ஒரு நாட்டுக்கே ஒரு பொருளை நிறுத்த இப்ப பாதையை மூடத் தேவையில்லை. ஆனையிறவில் நிண்டு பைகளைச் சோதிக்கத் தேவையில்லை.

புத்தகத்துக்கும் அப்படி நடந்திருக்கிறது. 2009 யூலையில் அமேசன், விற்ற ஆளுக்கு உரிமை இல்லை எண்ட காரணத்தால், ஏற்கெனவே காசு குடுத்து வாங்கிய ஆட்களின் கிண்டில் கருவிகளில் இருந்து ஒரு புத்தகத்தைத் தூரத்தில் இருந்தே அழித்தது. காசைத் திருப்பிக் குடுத்தது. அழிக்கப்பட்டது ஜோர்ஜ் ஓர்வெலின் "1984". கதையில் எழுதினால் நம்பமாட்டீர்கள்.

பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த பெற்றோருக்குப் பிறந்த நாங்கள் இதை "அமெரிக்கக்காரன்ர பிரச்சினை" எண்டு கடந்துபோகக் கூடாது. எங்களுக்குத்தான் இது முதல் விளங்கவேண்டும்.

2022 சொல்லிக்குடுத்தது

2020இல் கொரோனாவுக்குப் பள்ளிக்கூடங்கள் பூட்டியபோது வினாத்தாள்கள் போனுக்கு வந்தன. நல்ல வேலைதான் நடந்தது. ஆனால் ஒரு போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்ட வீடுகளில், டேட்டா போட வழியில்லாத வீடுகளில், யாரோ ஒருவர் பிறின்ற் எடுத்துக் குடுத்தபோதுதான் பேப்பர் போய்ச் சேர்ந்தது.

பிறகு 2022 மார்ச். டொலர் இல்லாமல் நாட்டுக்குக் கடதாசி வரவில்லை. மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தாள் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. இரண்டு தேசியப் பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சில் நிறுத்தின. அதே மாதக் கடைசியில் மின்வெட்டு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போனது. தாளும் இல்லை, கரண்டும் இல்லை. ஒன்றை மட்டும் நம்பினவர்கள் இரண்டு பக்கமும் முட்டுப்பட்டார்கள். அந்த மாதம் சூட்கேசுக்குள் ஏற்கெனவே கட்டு வைத்திருந்த பிள்ளையும், போனில் ஏற்கெனவே தரவிறக்கி வைத்திருந்த பிள்ளையும் படித்தார்கள். லிங்க் மட்டும் வைத்திருந்த பிள்ளை கரண்ட் வரும்வரைக்கும் காத்திருந்தது.

ஆகவே சூட்கேசை நான் எரிக்கவில்லை. செய்தது இவ்வளவுதான். கட்டில் இருந்தவற்றை ஒழுங்குபடுத்தி, பேனைக் குறிப்புகளோடு சேர்த்து ஸ்கான் செய்தேன். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் வருடம், தவணை, பாடம் போட்டேன். வினாத்தாளும் புள்ளித்திட்டமும் ஒரே ஃபோல்டரில். நான் ரைப் செய்த குறிப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றினேன். வேலைக்குப் பாவிக்கிற மென்பொருட்களின் கையேடுகளையும், தரவிறக்க விடுகிறவற்றை, பதிப்பு இலக்கத்தோடு இறக்கி வைத்திருக்கிறேன். அந்தப் போன் காட்டின தம்பிக்கு ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் குடுத்தேன்.

உங்கட வீட்டு அலுமாரிக்கு மேலேயும் ஏதாவது இருக்கும். ஃபீல்ட்வேர்க் பேப்பராக இருக்கலாம், 2003இல் ஒரு சேர் குடுத்த வேர்ட் ரியூட்டாக இருக்கலாம், அப்பா வாங்கிய தண்ணீர்ப் பம்பின் கையேடாக இருக்கலாம். பழைய பேப்பர்க்காரருக்குப் போட முதல் ஒருக்கால் பிரிச்சுப் பாருங்கோ. வேறு ஆரிடமும் அது இல்லை எண்டு சந்தேகம் வந்தால், இரண்டாவது பிரதி ஒன்று எடுத்துவிடுங்கோ. தாளிலோ போனிலோ, அது உங்கட வசதி.

பென்டிரைவை வாங்கின தம்பி அடுத்தநாள் மெசேஜ் போட்டான்: "அண்ணை, அந்தப் பௌதிகப் பேப்பரில அம்புக்குறி எந்தப் பக்கம்?"

சிவப்பு எண்டு எழுதி அனுப்பினேன்.